பூ மாட்டுகிற ஆணி

போன மாதம் எங்கள் மசாலா கம்பெனியில் வாசனை பார்க்கிற இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார்கள். அதே மாதம் நான் ஓய்வு பெற்றேன். இரண்டுக்கும் யாரும் முடிச்சுப் போட வேண்டாம். எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இயந்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குச் சளி பிடிக்காது, கால் வீங்காது. ஆவடியில் ரயிலேறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி தொழிற்பேட்டைக்கு வர வேண்டியதும் இல்லை.

தரப் பிரிவில் நிவேதா என்று ஒரு பெண். கோவில்பட்டிக்காரி. சென்னீர்குப்பத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அவள்தான் என்னை எழுதச் சொன்னவள். "அம்மா, அந்த மெஷினுக்கு ராஸ் எல் ஹனூத் கத்துக்குடுக்கணும்னா நல்ல சரக்கும் காட்டணும், கெட்ட சரக்கும் காட்டணும். நல்லது நிறைய இருக்கு. கெட்டதுக்கு எங்க போறது? நீங்க ஒரு தடவ முழுச் சரக்கையும் நிப்பாட்டுனீங்களாமே, அது எப்படிக் கெட்டுச்சு?" என்று கேட்டாள்.

நிறுத்தியது நான் இல்லை. அதை நின்றுகொண்டு வாயால் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

ராஸ் எல் ஹனூத் மொராக்கோ நாட்டு மசாலா. 'கடையின் தலை' என்று அதற்கு அர்த்தமாம். கடைக்காரர் தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியான சாமான்களை எடுத்துக் கலந்து வைப்பார். கடைக்குக் கடை பக்குவம் மாறும். எங்களுக்கு ஆர்டர் கொடுத்த வியாபாரியின் பக்குவத்தில் இருபதுக்கு மேல் சாமான். பாதி நாம் பிரியாணிக்குப் போடுவது: பட்டை, லவங்கம், ஏலக்காய், ஜாதிக்காய், ஜாதிபத்திரி. மீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது: திப்பிலி, வால்மிளகு, சித்தரத்தை. அதற்கு மேல் காய்ந்த ரோஜா மொட்டும் லாவெண்டர் பூவும். மிளகாய் மட்டும் கிடையாது. மிளகாய் இல்லாத பொடியை மசாலா என்று ஒப்புக்கொள்ளவே எங்கள் ஆட்களுக்கு வெகுநாள் பிடித்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. எண்ணெய் காயவைத்து, வெங்காயம் வதக்கி, நம் வழக்கப்படி பொடியை எண்ணெயிலேயே போட்டுப் பிரட்டினேன். என் வீட்டுக்காரர் அப்போது டாங்கித் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். ஒரு வாய் வைத்தார், என்னைப் பார்த்தார். "இன்னாடி, கறிக்கு முகப்பவுடர் பூசி வெச்சிருக்க?" என்றார். தட்டில் மிச்சம் இருந்ததை மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சமையல் சரியில்லை என்றால், 'பவுடர் கொழம்பு' என்பதே பேச்சு.

தப்பு என்னுடையதுதான், பொடியுடையது அல்ல. அந்தப் பொடி சூடான எண்ணெயைத் தாங்காது. கறியில் தடவி ஊறவைக்கலாம், தண்ணீரோடு சேர்த்து மெதுவாக வேகவிடலாம், இறக்குகிற நேரத்தில் ஒரு சிட்டிகை தூவலாம். இதை எனக்குச் சொன்னவர் இக்பால் பாய்.

இக்பால் பாய் கலவைப் பிரிவின் மேஸ்திரி. பூந்தமல்லிக்காரர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர், ஆனால் அறைக்குள் வந்துவிட்டால் எல்லோருக்கும் பெரியவர். கலவை அறைக்குள் அவர் போட்ட சட்டம் கொஞ்சம் இல்லை. முகப்பவுடர் கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. தலைவலித் தைலம் தடவியிருந்தால் அன்றைக்கு மூட்டை தைக்கத்தான் போக வேண்டும். பூ அறவே கூடாது. அறை வாசலில் ஒரு நீள ஆணி அடித்து வைத்திருந்தார். காலையில் நாங்கள் வரிசையாக வந்து தலையில் இருக்கிற பூவைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே போவோம். சாயங்காலம் அவரவர் சரத்தை எடுத்து மறுபடி வைத்துக்கொள்வோம். அதற்குள் பூ துவண்டிருக்கும். பூவோடு சேர்ந்த நார் மணக்கும், ஆணி மணந்து நான் பார்த்ததில்லை.

யாராவது மறந்துபோய்ப் பூவோடு உள்ளே வந்துவிட்டால், பாய் அறையின் அந்தக் கோடியில் திரும்பி நின்றபடியே குரல் கொடுப்பார். "எந்தம்மா அது, கல்யாணத்துக்கு வந்துகீறது? போய் ஆணியில மாட்டு." பார்க்கவே மாட்டார். தொப்பிக்குள் மறைத்தாலும் தப்ப முடியாது. மல்லியா முல்லையா என்றுகூடச் சொல்லிவிடுவார்.

அவர் சரக்குப் பார்க்கிற விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை எடுத்து மடிப்பார். அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். கைச்சூட்டில் பொடிக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும் என்பார். பிறகு தாளைப் பிரித்து, நாய்க்குட்டி மாதிரி சின்னச் சின்ன மூச்சாக இழுப்பார். இழுத்து முடித்ததும் தன் முழங்கை மடிப்பை ஒரு தடவை முகர்வார். "நம்ம ஒடம்பு வாசம் நமக்குத் தெரியாது. அதான் மூக்கக் கழுவுற தண்ணி" என்பார். அப்புறம் மறுபடி தாள். முதலில் ஏலக்காயும் லவங்கமும் வர வேண்டும். கடைசியில் திப்பிலிக் காரம் தொண்டையில் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ரோஜா. "அங்க ஒரு ஜன்னல் தொறக்கணும். தொறந்து உடனே மூடிக்கணும். மூடாம தொறந்தே கெடந்தா அத்தர் கடை. தொறக்கவே இல்லன்னா அது வெறும் கறிமசாலா." இவ்வளவுதான் அவருடைய பாடம்.

அவர் பார்த்த பிறகு, சாப்பாட்டு இடைவேளை முடிந்து, வேறொரு டிரம்மிலிருந்து எடுத்து நான் பார்ப்பேன். இரண்டு மூக்கும் ஒத்துக்கொண்டால்தான் மூட்டை தைக்கப் போகும். அவர் சரி என்றதை நான் இல்லை என்று சொன்ன நாள் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், வழியில் எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன் அந்த வியாபாரி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மொராக்கோவில் பிறந்து பிரான்சில் கடை வைத்திருந்த பெரியவர். கத்திரி வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு வந்து இறங்கினார். பாயும் அவரும் பேசிக்கொள்ள 'சலாம்' தவிர ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து தாளை மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர் ஒரு விரலைக் காட்டுவார், பாய் வால்மிளகுச் சாடியை நகர்த்துவார். அவர் தலையாட்டுவார். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது.

அன்றைக்கு அந்தப் பெரியவர் எங்கள் கேண்டீனில் சமைத்தும் காட்டினார். ஆட்டுக்கறியில் பொடியைத் தடவி, தண்ணீர் ஊற்றி, மெதுவாக வேகவிட்டு, உலர்ந்த திராட்சையும் பாதாமும் தேனும் சேர்த்தார். அவர்கள் பக்ரீதுக்குச் செய்வதாம். கேண்டீன் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "எண்ண காயல, வெங்காயம் வதங்கல, கறிய எறக்கிட்டாரே மனுசன்" என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நாங்கள் அந்தத் தித்திப்புக் கறியை ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பாய் மட்டும் ஊறுகாய் தொடவில்லை. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "நடுவுல ஜன்னல் தொறக்குது பாரு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இனி அந்த நாள்.

கொரோனா வந்து கம்பெனி மூடி, மறுபடி திறந்த வருஷம். நடுவில் பாய்க்குக் காய்ச்சல் வந்து, படுத்துத் தேறி, இளைத்துப்போய்த் திரும்பி வந்திருந்தார். அறையில் ஆள் குறைவு, வேலை அதிகம். மழைக்காலம் வேறு. நோன்பு மாதத்துக்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டிய சரக்கு அது. அவர்கள் ஊரில் நோன்பு திறக்கிற சூப்பில் சில வீடுகளில் இந்தப் பொடியும் ஒரு சிட்டிகை போடுவார்களாம். நம் பக்கத்து நோன்புக் கஞ்சி மாதிரி என்று பாய் சொல்வார். அந்த ஒரு சரக்கை மட்டும் அவர் எப்போதும் தனிக் கவனமாகப் பார்ப்பார்.

நான் அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டு, ஓடி வந்து, அவசரத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காலை முழுவதும் பாய் பக்கத்தில்தான் நின்றேன். கரண்டி எடுத்துக் கொடுத்தேன். தாளை மடித்துக் கொடுத்தேன். அவர் முகக்கவசத்தை இறக்கி, எப்போதும் போல் முகர்ந்து, முழங்கையை முகர்ந்து, "சரியா கீது, போலாம்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் கைகழுவப் போய்த் தொப்பியைக் கழற்றினேன். மல்லிகைச் சரம் கையில் வந்தது. ஆணியில் மாட்ட மறந்திருக்கிறேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது, தப்பித்தோம் என்று. பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. காலை முழுவதும் அந்தப் பூ அவர் மூக்குக்கு ஒரு முழத்துக்குள் இருந்திருக்கிறது. அறையின் அந்தக் கோடியிலிருந்து கண்டுபிடிக்கிற மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேண்டீனுக்குப் போனேன். பாய் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பருப்பு ஊசிப்போயிருக்கிறது. மழை நாள் புழுக்கத்தில் டப்பாவுக்குள் புளித்து நுரைத்திருக்கிறது. அவர் அதைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "வூட்ல இப்பல்லாம் ருசியே இல்லாம சமைக்கிறாங்கம்மா" என்றார். என் டப்பாவை அப்படியே மூடி வைத்தேன். முப்பது வருஷ வேலையில் நான் பயந்தது அன்றைக்குத்தான்.

போய், பூவை ஆணியில் மாட்டிவிட்டு, என் பங்குக்கு டிரம்மைத் திறந்து பார்த்தேன். ஏலக்காய் வந்தது. லவங்கம் வந்தது. கடைசியில் திப்பிலி வந்தது. நடுவில் வைக்கோல். மறுபடி பார்த்தேன், என் முழங்கையை முகர்ந்துவிட்டுப் பார்த்தேன். காய்ந்த டீத்தூள் மாதிரி, வைக்கோல் மாதிரி ஒன்றுதான் வந்தது. ரோஜா செத்துப்போயிருந்தது.

வறுவல் பிரிவில் கௌரி புதிது. பட்டாபிராம் பெண். கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. "மொட்டெல்லாம் நமுத்துப் போயிருந்துச்சுக்கா. சீரகம், மல்லி வறுத்து முடிச்சு அடுப்ப அமத்திட்டு, அந்தச் சூட்டுலயே லேசா பொரட்டி எடுத்தேன். ஊட்ல கருவேப்பிலைய அப்படித்தான பொரட்டுவோம்?" என்றாள். அப்படித்தான் பிரட்டுவோம். அவள் அம்மாவும் என் அம்மாவும் அப்படித்தான் செய்தார்கள். பொடி இடிக்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் கை தானாக அதைத்தான் செய்யும். ரோஜா மொட்டுக்கு அந்தச் சூடு ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஆக, நான் இல்லை என்று சொன்னால் பாயின் மூக்கு போனது ஊருக்குத் தெரிந்துவிடும். மூக்கு இல்லாத மேஸ்திரிக்குக் கலவை அறையில் என்ன வேலை? சரி என்று சொன்னால் அந்த வைக்கோல் கப்பல் ஏறி, நோன்பு திறக்கிற வீடுகளுக்குப் போகும். நான் பெரிய தர்மவதி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சரக்கை அனுப்பினால் மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

பாயை வாசலுக்குக் கூப்பிட்டேன். ஆணிக்குப் பக்கத்தில் நின்றோம். என் மூடிய கையை நீட்டினேன்.

"பாய், கையில இன்னா கீதுன்னு சொல்லுங்க."

அவர் குனிந்தார். மூச்சை இழுத்தார். முழங்கையை முகர்ந்துவிட்டு மறுபடி இழுத்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கையைத் திறந்தேன். பூ கசங்கியிருந்தது.

பாய் ஆணியில் தொங்குகிற மற்றவர்களின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்லேர்ந்தே இப்படித்தாம்மா. டாக்டரு வரும்னாரு. தெனமும் காலைல எந்திரிச்சு ஊதுபத்திய மோந்து பாப்பேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு ஓட்டிகினு வந்துட்டேன்" என்றார். பிறகு, "கற்பூர வாசன தெரியாத கழுத ஆயிட்டேன்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"சரக்குல இன்னா கோளாறு?" என்றார்.

"ரோஜா செத்துடுச்சு பாய்."

"ஜன்னல் தொறக்கவே இல்லியா?"

"இல்ல."

"நோன்பு தொறக்கிற வூட்டுக்குப் போற சரக்கும்மா அது" என்றார். எனக்குச் சொன்னதா தனக்குச் சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, யார் வறுத்தது என்பது. பாய் அவரை முடிக்க விடவில்லை. "சார், வறுத்த பொண்ணு புதுசு. சரின்னு சொன்னது நான். என் மூக்கு போய்ட்ச்சு. சரக்க நிறுத்துங்க" என்றார். நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மேனேஜர் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரக்கு நின்றது. வேறு சரக்கு கலந்து தாமதமாக அனுப்பினோம். பாயை வீட்டுக்கு அனுப்பவில்லை, கோடவுனுக்கு மாற்றினார்கள். மூட்டை வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்கிற வேலை. அவருடைய நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். சம்பளம் கூடியது, பெயர் கூடியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாளாவது நான் சந்தோஷப்பட்டேன் என்றால் பொய். எப்போதும் யாரோ எழுந்து போன சூடு அதில் இருந்த மாதிரியே இருக்கும்.

அப்புறம் தினமும் மத்தியானம் ஒரு தாளை மடித்துக்கொண்டு கோடவுனுக்குப் போவேன். பாய் மூட்டை மேல் உட்கார்ந்து, தாளைக் கையில் வாங்கி, பழைய மாதிரியே உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்வார். முகர மாட்டார். "மொதல்ல இன்னா வருது, சொல்லு" என்பார். நான் சொல்வேன். "எவ்ளோ நேரம் நிக்குது? தொண்டையில தொடுதா, மூக்கோட நின்னுடுதா?" என்பார். நான் கண்ணை மூடி யோசித்துச் சொல்வேன். "அப்போ வால்மிளகு கம்மி" என்பார். போய்ப் பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும். சில நாள் அவர் சொன்னது தப்பாகவும் போயிருக்கிறது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவேன். வாசனையைத் தினமும் வார்த்தையாக்கிக் கொடுப்பது, மூட்டை தூக்குவதைவிடக் களைப்பான வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே போனது.

கௌரி இப்போது வறுவல் பிரிவுக்கே மேஸ்திரி. ரோஜா மூட்டை வந்தால் அடுப்புப் பக்கம் யாரையும் கொண்டுபோக விடமாட்டாள். நிவேதா, உன் இயந்திரத்துக்குக் கெட்ட சரக்கு வேண்டும் என்றால் அவளிடம் கேள். அடுப்பை அமர்த்திவிட்டு அந்தச் சூட்டில் ஒரு கைப்பிடி மொட்டைப் பிரட்டிக் கொடுப்பாள். அதன் வாசனைதான் நான் சொன்ன வைக்கோல்.

என் வழியனுப்பு விழாவில் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தேன். வாசலில் வந்த பூக்காரியிடம் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டேன். கழற்ற வேண்டாம் என்று தெரிந்தே வாரநாளில் பூ வைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றார். கடைசிச் சரக்கில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறினேன்.

பாய் வீட்டு முன்புறத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டில் நின்று "பாய்" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. "பூவ ஆணியில மாட்டிட்டு உள்ள வாம்மா" என்றார்.

கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வாசன வருதா பாய்?"

அவர் துணியை வண்டி மேல் போட்டுவிட்டுத் திரும்பினார். என் தலையைப் பார்த்தார். சிரித்தார்.

"வர்லம்மா. நேத்து ரிட்டயர் ஆனவ, இன்னிக்கு பூ வெக்காமயா வருவ?"

அவர் வீட்டு வாசலில் ஆணி எதுவும் இல்லை. பூவோடுதான் உள்ளே போனேன்.